யாழ்ப்பாணத்தில் குப்பைக் கட்டணமும் தரம்பிரிப்பும்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

உள்ளூராட்சி சபை புதிய குப்பைக் கட்டணத்தை அறிவித்ததும் பலர் நேரே கடைக்குப் போய் ஐந்து நிறத்தில் வாளி வாங்குகிறார்கள். அந்த வாளிகளில் மூன்று மழைத்தண்ணீர் பிடிக்கத்தான் உதவும். வாளி வாங்குவது இந்த வழிகாட்டியில் ஐந்தாவது வேலை. அதற்கு முன் நான்கு வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாதவர்கள்தான் கட்டத் தேவையில்லாத பணத்தைக் கட்டுகிறார்கள், அல்லது வண்டி தங்கள் படலையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வீட்டுக்காரர், சிறு கடைக்காரர், வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடைசியாகச் சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதன வரி) கட்டிய பற்றுச்சீட்டு. காணி உறுதியின் பிரதி, வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தின் பிரதி. கடை என்றால் நடப்பு ஆண்டின் வியாபார அனுமதிப்பத்திரம். ஒரு தொங்கு தராசு. பழைய யூரியாப் பைகள் நாலைந்து. ஒரு கொப்பி. புதிதாக வாங்க வேண்டியது அநேகமாகத் தராசு மட்டும்தான்.

1. உங்கள் சபை எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். கட்டணம், வண்டி வரும் நாள், பிரிக்கும் முறை எல்லாவற்றையும் ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்கிறது. மானிப்பாயில் இருக்கும் மச்சான் என்ன கட்டுகிறார் என்பது சுன்னாகத்தில் இருக்கும் உங்களுக்கு உதவாது. அவருடையது வலிகாமம் தென்மேற்கு, உங்களுடையது வலிகாமம் தெற்கு.

ஊர்ப் பெயரை வைத்துச் சபையை ஊகிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மாநகர சபை எல்லைக்குள் இருக்கிறது. நல்லூர் பிரதேச சபையோ திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கத்தைப் பார்க்கிறது. எல்லையோர ஒழுங்கைகளில் ஒரு பக்க வேலி ஒரு சபைக்கும் மறுபக்க வேலி இன்னொரு சபைக்கும் போவதும் உண்டு. பக்கத்து வீட்டாரைக் கேட்டு நிச்சயிக்காமல், சோலைவரிப் பற்றுச்சீட்டின் தலைப்பில் எந்தச் சபையின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பற்றுச்சீட்டே இல்லையென்றால் கிராம சேவையாளரிடம் கேட்டால் சொல்லுவார்.

2. சபைப் பதிவேட்டில் உங்கள் இடம் என்னவாக இருக்கிறது?

இந்த வழிகாட்டியில் பணத்தை அதிகம் மிச்சப்படுத்தும் படி இதுதான். ஆனால் ஒருவரும் செய்வதில்லை.

குப்பைக்குத் தனியாகக் கட்டணம் அறவிடும் சபை, அதை இடத்தின் வகையைப் பார்த்தே விதிக்கும். குடியிருப்பு, சில்லறைக் கடை, சாப்பாட்டுக்கடை, தங்குவிடுதி, கலியாண மண்டபம், தனியார் கல்வி நிலையம் என்று வகை பிரியும். அந்த வகையைச் சபை உங்கள் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, பதிவேட்டைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. முன் அறையில் பத்து வருடத்துக்கு முன் பலசரக்குக்கடை நடந்து மூடப்பட்டிருக்கலாம். பதிவேட்டில் அது இன்னும் திறந்தே இருக்கலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறைகள் வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளைச் சபை தங்குமிடமாகக் கணக்கெடுக்க இடமுண்டு. வீட்டோடு தையற்கடை, அழகு நிலையம் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. கட்டணம் மாறும் ஆண்டில்தான் சபைகள் இப்படிக் கணக்குகளைத் தூசு தட்டும்.

வருமானப் பகுதிக்குப் போய் ஆதன இலக்கத்தைச் சொல்லி நான்கு விடயங்களைக் கேளுங்கள்: யாருடைய பெயரில் இருக்கிறது, என்ன வகை, நிலுவை எவ்வளவு, குப்பைக் கட்டணம் தனித் தலைப்பில் பதிவாகியிருக்கிறதா. “பிள்ளை, எங்கட வீட்டுக்கு என்ன வகை எண்டு போட்டிருக்கு, ஒருக்காப் பார்த்துச் சொல்லுறீங்களோ?” என்று அமைதியாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். திங்கட்கிழமை காலையிலும் காலாண்டு முடியும் கிழமையிலும் போகாதீர்கள். வரிசையைப் பார்த்தே மனம் சலித்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். பதிவேட்டில் இருப்பது அநேகமாக இறந்துபோன தாத்தாவின் பெயர். பெயர் மாற்ற உறுதியும் நேரமும் வேண்டும், அதை இந்தக் கட்டண வேலையோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். இப்போதைக்கு, வீடு பூட்டியிருக்கிறது, குப்பை உருவாவதில்லை என்று திகதியிட்டு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் சபையின் முத்திரை வாங்கி வையுங்கள். நாளை நிலுவை என்று ஒரு தொகை வந்தால் பேசுவதற்கு அந்த முத்திரைதான் இருக்கும்.

3. புதிய கட்டணத்தை மூலத்திலேயே படியுங்கள்

வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் வேறு சபையுடையதாக இருக்கும், அல்லது போன வருடத்தினதாக இருக்கும். சபையின் அறிவித்தல் பலகையையும், அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தோடு நிறைவேறிய தீர்மானத்தையும் கேளுங்கள். உள்ளூராட்சி அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வரும் அரச வர்த்தமானியின் 4ஆம் பகுதி, ஆ பிரிவில் வெளியாகின்றன. தமிழிலும் வரும்.

படிக்கும்போது தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மாதத்துக்கா, வருடத்துக்கா, ஒரு லோட்டுக்கா? எந்தத் திகதியிலிருந்து? பிரித்துக் கொடுத்தால் ஒரு தொகை, கலந்து கொடுத்தால் இன்னொரு தொகை என்று இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் மிச்ச வேலை முழுவதையும் திட்டமிட வேண்டும்.

சபைக் கட்டணத்தோடு நாட்டுச் சட்டத்தைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. 20 மைக்ரோன் தடிப்பும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், சோறு கட்டும் பொலித்தீன் தாள், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது ஆகியவை 2017 செப்டெம்பர் முதல் நாடு முழுவதும் தடை. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் பூமாலை முதலியவையும் தடைக்குள் வந்தன. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலையைப் பில்லில் காட்ட வேண்டும். இவை சபை தளர்த்தக்கூடிய விதிகள் அல்ல. “எங்கட சபை ஒண்டும் சொல்லேல்ல” என்பது பதிலாகாது.

4. இரண்டு கிழமை நிறுங்கள்

யூரியாப் பைகளில் உக்குவது, விற்கக்கூடியது, மிச்சம் என்று மூன்றாகப் போட்டு, வண்டி வரும் நாளுக்கு முதல்நாள் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிழமை போதாது. வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கறிக்கும் இடையிலேயே எடை மாறிவிடும்.

வீட்டுக்காரர் இதைச் செய்தால் எத்தனை வாளி, என்ன அளவு என்று தெரியும். கடைக்காரருக்கு இன்னும் முக்கியம். ஒரு சாப்பாட்டுக்கடை நாளைக்கு நான்கு பை போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று மட்டைப் பெட்டி, ஒன்றரை மரக்கறித் தோலும் மிஞ்சிய சோறும். மட்டையை விற்று, சோற்றைப் பன்றி வளர்ப்பவருக்குக் கொடுத்தால் சபைக்குப் போவது ஒன்றரைப் பைதான். கட்டணம் அளவைப் பார்த்து என்றால் குறைக்கும்படி கேட்க உங்கள் கையில் எண் இருக்கும். எண் இல்லாமல் “எங்களிட்டக் குப்பை குறைவு” என்று சொல்லும் கடைக்காரரைச் சபை நம்புவதில்லை. எல்லாரும் அதையேதான் சொல்லுகிறார்கள்.

5. இப்போது வாளி, இப்போது பிரிப்பு

நாட்டில் பொதுவாகப் பயன்படும் நிறங்கள் இவை: பச்சை உக்கும் கழிவுக்கு, நீலம் கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு, மண்ணிறம் உலோகத்துக்கு. பொது இடத்திலும் பாடசாலையிலும் ஐந்தும் வேண்டும். வீட்டுக்கு மூடியுள்ள வாளி ஒன்று, பை இரண்டு, போத்தலுக்கு ஒரு பெட்டி போதும். உங்கள் சபையின் வண்டி எத்தனையாகப் பிரித்து ஏற்றுகிறதோ அத்தனையாகப் பிரியுங்கள். அதற்கு மேல் நுணுக்கமாகப் பிரித்தால் வண்டியில் எல்லாம் ஒன்றாகிவிடும்.

பிரிப்பது வாளியடியில் நடப்பதில்லை, குசினி மேசையில் நடக்கிறது. கலந்த பிறகு பிரிக்க ஒருவராலும் முடியாது. மீன் தண்ணீர் பட்ட கடதாசி வெறும் குப்பை. உலர்ந்ததையும் ஈரமானதையும் பிறக்கும் இடத்திலேயே பிரித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இனி, அடிக்கடி தடுமாறும் பொருட்கள்.

பால்மாப் பை, பிஸ்கட் சுற்றிய பளபளப்புத் தாள், சம்போ சாஷே: உள்ளே அலுமினியமும் வெளியே பிளாஸ்டிக்குமாக ஒட்டியவை. பிளாஸ்டிக் வாங்குபவர் எடுக்க மாட்டார். மிச்சத்துக்குள் போடுங்கள்.

சோடாப் போத்தல்: கழுவி, மூடியைக் கழற்றி, மிதித்துத் தட்டையாக்குங்கள். போத்தலும் மூடியும் வெவ்வேறு பிளாஸ்டிக். மூடியோடு விட்டால் காற்று அடைபட்டு, ஒரு பைக்குள் பத்துப் போத்தலோடு இடம் முடிந்துவிடும்.

தயிர்க் கோப்பை, ஐஸ்கிறீம் பெட்டி: கழுவினால் பிளாஸ்டிக், கழுவாவிட்டால் குப்பை. கை கழுவும் தண்ணீரே போதும், சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தேவையில்லை.

உக்கும் என்று அச்சடித்த பை: இது பலரை ஏமாற்றுகிறது. வீட்டுக் குழிக்குள் இருக்கும் சூட்டில் அது விரைவில் உக்காது. அப்படியே பசளையோடு திரும்பி வரும்.

சிரட்டை: உக்கும் வாளிக்குள் போடாதீர்கள். உக்க வருடக்கணக்காகும், கவிழ்க்காமல் விட்டால் தண்ணீர் தேங்கும். அடுப்புக்கு எடுங்கள், அல்லது சேர்த்துக் கரி சுடுபவருக்குக் கொடுங்கள். இளநீர்க் கோம்பையை நாலாகப் பிளந்து போடுங்கள்.

மாரி தொடங்கியதும் இன்னொரு ஒழுங்கு வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை போத்தல், ரின், ரயர் எதையும் கூரைக்கு வெளியே சேர்த்து வைக்காதீர்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு கிழமையளவு போதும். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். மீள்சுழற்சிக்குத்தான் சேர்த்தேன் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தப்ப முடியாது.

6. உக்குவதை வளவுக்குள்ளேயே முடியுங்கள்

யாழ்ப்பாணத்து வீட்டுக் குப்பையில் பாரமானது மரக்கறித் தோலும் மாவிலையும் தேங்காய்ப்பூவும்தான். வளவு உள்ளவர் இதை வண்டியில் ஏற்றிக் காசு கொடுப்பது எனக்கு விளங்கவில்லை.

நிழலில், கிணற்றிலிருந்து தள்ளி, கல்லின்மேல் உயர்த்தி ஒரு கூட்டெருத் தொட்டியை வையுங்கள். குசினிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. பலர் தோலை மட்டும் கொட்டிவிட்டு, “மணக்குது, புழு வைக்குது” என்று ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். போதாமல் போனது சருகுதான், வேறொன்றுமில்லை. இதுவரை கூட்டி எரித்து வந்த சருகை இனி எரிக்காமல் சாக்கில் கட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், எரிக்கும் பழக்கமும் அதோடு போகும். கிழமைக்கு ஒருமுறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கத்தரிக்குப் போடலாம்.

மீன் செதிலும் குடலும் தொட்டிக்குள் வேண்டாம். காகமும் நாயும் சும்மா விடா. வாழையடியில் முழங்கை ஆழத்துக்கு வெட்டிப் புதையுங்கள்.

புதைப்பது என்றதும் பிளாஸ்டிக்கையும் பற்றரியையும் கிடங்கு வெட்டிப் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். மேலே போட்டது வடிந்து கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, அயலவர் கிணற்றுக்கும்.

7. வண்டி வரும் நாள்

எந்தக் கிழமை எது என்று உழவு இயந்திரத்தில் வரும் தொழிலாளரிடமே கேளுங்கள்: “அண்ணை, போத்தல் எண்டைக்கு எடுக்கிறியள்?” சபையின் பலகையில் இருப்பது திட்டம். அவருக்குத் தெரிந்ததுதான் நடைமுறை.

முதல்நாள் இரவே வெளியில் வைக்காதீர்கள், நாய் கிழித்தால் கூட்டுவது நீங்கள்தான். உள்ளே இருப்பது தெரியும்படி வையுங்கள். கறுப்புப் பையை முடிந்து வைத்தால் கலந்த குப்பை என்றே எடுத்துக்கொள்வார்கள். உடைந்த கண்ணாடியைப் பத்திரிகையில் சுற்றி, மட்டைப் பெட்டியில் போட்டு, மேலே “கண்ணாடி” என்று எழுதுங்கள். ஏற்றுபவரின் கையில் கையுறை இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

கலந்த குப்பையை எடுக்கச் சொல்லிக் கையில் நூறு ரூபா வைக்கும் பழக்கம் வேண்டாம். அடுத்த கிழமை வேறொருவர் வருவார், அவர் எடுக்க மாட்டார். பற்றுச்சீட்டும் இல்லை. மாநகரப் பகுதியில் கலந்த குப்பை போய்ச் சேருவது கல்லுண்டாய்க்கு. அங்கே குப்பைமேடு பற்றியெரிந்த நாட்களில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களைக் கேட்டால், கலந்த குப்பையை ஏன் அனுப்பக் கூடாது என்று சொல்லுவார்கள்.

போத்தல், பழைய இரும்பு வாங்க வருபவரை இந்த ஒழுங்கில் மறக்காதீர்கள். விற்கக்கூடியதை அவருக்கு முதலில், அவர் எடுக்காததைச் சபைக்கு, மிஞ்சியது மட்டும் குப்பை. இரும்பு, செம்பு, அலுமினியம், சாராயப் போத்தல், பழைய பத்திரிகை எல்லாம் எடுப்பார். உடைந்த கண்ணாடியும் ரெஜிபோமும் எடுக்க மாட்டார்.

8. வண்டியில் போடக் கூடாதவை, சுற்றித் தனியாகப் போட வேண்டியவை

இன்சுலின் ஊசி: தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு இறுக மூடி, மருந்து எடுக்கும் கிளினிக்கிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டு ஒப்படையுங்கள்.

ரியூப் லைற், சீ.எப்.எல். பல்ப்: உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைக்காதீர்கள். பழைய தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, பற்றரியோடு சேர்த்து ஒரு பெட்டியில் வைத்திருந்து, சபை இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுங்கள். வாகன பற்றரியைப் புதியது வாங்கும் கடையே விலை கழித்து எடுக்கும்.

பம்பஸ், சனிற்றரி நப்கின்: பத்திரிகையில் சுற்றித் தனிப் பையில், மிச்சக் குப்பையோடு. மலசலகூடத்துக்குள் போட்டால் குழி நிரம்பும், பவுசருக்கு வேறு காசு.

9. கலியாணம், அந்தியேட்டி, வீடு இடித்தல்

வழக்கமான கட்டணத்துக்குள் இவை வரமாட்டா. சபைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, லோட் கணக்கில் கட்டி, வண்டியை நாள் குறித்து வரச்சொல்ல வேண்டும். பந்தல்காரருக்கு முற்பணம் கொடுக்கும் நாளிலேயே இதையும் கட்டிவிடுங்கள். விசேஷம் முடிந்த காலையில் போனால் வண்டி இராது, வாழையிலை நாறத் தொடங்கும். சமையல்காரருக்கும் முதலே சொல்லுங்கள்: வாழையிலையும் மிஞ்சிய சோறும் ஒரு பக்கம், தண்ணீர்ப் போத்தல் மறுபக்கம். கலந்த லோட்டுக்குக் கூடுதலாக அறவிடும் சபையென்றால் இந்த ஒரு சொல்லே காசு.

கட்டட இடிபாட்டை வெள்ள வாய்க்காலிலும் குளக்கரையிலும் கொட்டாதீர்கள். நிலம் உயர்த்துபவர்கள் தாங்களே வந்து ஏற்றுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

10. கட்டுவது

சோலைவரியை வருடம் முழுவதற்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதமும், காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதமும் தள்ளுபடி. இது சோலைவரிக்கு உரியது. குப்பைக் கட்டணத்திலும் கழியும் என்று எண்ணித் தொகையைக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பற்றுச்சீட்டைக் கவுண்டரை விட்டு நகருமுன் படியுங்கள்: ஆதன இலக்கம், காலப்பகுதி, எந்தத் தலைப்பில் வரவு. சோலைவரியைக் கட்டிவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைப்பதும், குப்பைக்கென்று கொடுத்த காசு பழைய வரி நிலுவைக்குள் போய்விடுவதும் வழக்கமாக நடப்பவை. அன்றே கவனித்தால் அன்றே திருத்தலாம். வாடகை வீட்டில் யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் சபை தேடி வருவது பதிவேட்டில் பெயருள்ளவரை.

11. கட்டணம் பிழை, அல்லது வண்டி வரவில்லை என்றால்

எழுத்தில் கொடுங்கள். செயலாளருக்கு, மாநகர சபை என்றால் ஆணையாளருக்கு. ஆதன இலக்கம், வண்டி வராத திகதிகள், கொப்பியில் இருக்கும் எடை, வேண்டுவது என்ன, ஒரு பக்கத்துக்குள். உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி. குப்பை அகற்றுவது சபை செய்யும் தயவு அல்ல. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகளும், பிரதேச சபைகள் சட்டத்தின் 93 முதல் 95 வரையான பிரிவுகளும் அதைச் சபையின் பொறுப்பாக்குகின்றன. கடிதத்தில் பிரிவு இலக்கத்தைக் குறிப்பிட்டால் பதில் கொஞ்சம் விரைவாக வரும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கட்டணத் தீர்மானத்தின் பிரதியையும் உங்கள் இடத்தை வகைப்படுத்திய ஆவணத்தையும் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். “ஏன் இவ்வளவு கட்டணம்?” என்று கேட்காதீர்கள், அது விளக்கம் கேட்பது, தட்டிக்கழிக்க இடம் கொடுக்கும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கான துண்டையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். 14 வேலை நாட்களை எண்ணத் தொடங்குவது அந்தத் திகதியிலிருந்துதான்.